அழிந்துபோன பதிவு என்னிடம் இருக்கிறது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். வீட்டுக்காரர் செகண்ட் ஷிஃப்ட் போயிருக்கிறார். கம்பெனி பஸ் வந்து இறக்கிவிட இன்னும் நேரம் இருக்கிறது. தூங்க முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். உன் பெயரை மட்டும் எங்கும் எழுதமாட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

சாயந்திரம் பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, நாம் தொடரும் தளங்களில் புதிதாக வந்ததையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் அந்த ரீடரைப் போனில் திறந்தேன். உன் வலைப்பதிவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒன்று என்ற எண், புதுப் பதிவு ஒன்று. நீ விமானம் ஏறியதிலிருந்து அந்தப் பெயர் சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் சமையல் குறிப்புக்கும் தடுப்பூசி செய்திக்கும் போவேன். தடித்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! "பெரியம்மா எழுதிட்டாங்க பாரு" என்று பாப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் திறந்தேன்.

"பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினாங்க. சொன்ன வேலை இல்ல இது. வெளிய வுட மாட்டேன்றாங்க. அம்மாகிட்ட சொல்லாதடி."

அவ்வளவுதான். தலைப்புகூட இல்லை. உன் தளத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்று அழுத்தினேன். அங்கே அந்தப் பதிவு இல்லை. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. திரும்ப ரீடருக்கு வந்தால் நான்கு வரியும் அப்படியே இருக்கின்றன. உன் தளத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று என் போனில் மட்டும் இருக்கிறது. பாப்பா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

இந்த ரீடரை என் போனில் ஏற்றியவளே நீதான். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் நாம் ஒரே அறையில் இருந்தோமே, அப்போது ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஒன்று வந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பெண்களை நேரடியாக எடுக்கிறார்கள், நாளைக்கே வாசலுக்கு வரவும் என்று. லீவு போட்டுவிட்டு நாங்கள் ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் போனோம். நீ வரவில்லை. வெயிலில் வாசலில் நின்ற எங்களைப் பார்த்து செக்யூரிட்டி அண்ணன் சிரித்தார்.

"இன்னாமா, யாரு சொன்னது உங்களுக்கு? உள்ள கீற எனக்கே தெரியல, வெளிய கீற உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

திரும்பி வந்து ஷூவைக் கழற்றும்போது நீ கட்டிலில் படுத்தபடி சொன்னாய்.

"பி.காம். படிச்சிட்டு ஃபார்வர்ட நம்பிக்கினு கீற. அந்தக் கம்பெனிக்காரன் சைட்டுலயே போயி பாக்க வேண்டியதுதானே?"

"தெனமும் அத்தன சைட்டுக்கும் எவ போயி பாப்பா?"

"நீ போவாத. இது போவும். புதுசா எதனா இருந்தா இட்டுக்கினு வரும். இல்லன்னா கம்முனு கெடக்கும். உன்ன மாதிரி நொய்நொய்ங்காது."

கம்பெனிகளின் வேலை அறிவிப்புப் பக்கங்கள், மாவட்டத் தளம், தேர்வுத் தளம் என்று ஒவ்வொன்றிலும் புதிதாக வருவதை ரீடருக்குத் தரும் ஆர்.எஸ்.எஸ். ஃபீடைத் தேடி எடுத்து நீயே சேர்த்துக் கொடுத்தாய். கடைசியில் உன் வலைப்பதிவையும் சேர்த்தாய். "இதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

முக்கியமாகத்தான் இருந்தது. ஃபீடில் வந்ததையெல்லாம் சலித்து, எது உண்மையான அறிவிப்பு, எந்த ஏஜென்ட் கமிஷன் பிடுங்குகிறான், எந்த ஹாஸ்டலில் தண்ணீர் வருவதில்லை என்றெல்லாம் எழுதினாய். "ஏய் பொண்ணுங்களா" என்றுதான் ஒவ்வொரு பதிவும் ஆரம்பிக்கும். கம்பெனியில் அசெம்பிளி லைனில் பக்கத்தில் நிற்கும் பெண்கள் பிரேக்கில் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். எழுதுவது நீ என்று அவர்களுக்குத் தெரியாது. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய்.

அப்படிப்பட்ட நீ எப்படிப் போனாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நம் லைனில் காண்ட்ராக்ட் பெண்களை மொத்தமாக நிறுத்தியபோது எனக்குக் கல்யாணம் ஆகி, பாப்பாவும் பிறந்திருந்தாள். நீ என் வீட்டுக்கு வந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு, வெளிநாட்டு வேலை ஒன்றைக் காட்டினாய். கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. நீ சும்மா நம்பிவிடவில்லை. அந்தக் கம்பெனியின் தளத்தையும் ரீடரில் சேர்த்திருந்தாய்.

"பாருடி, மூணு வருஷமா வாராவாரம் போட்டுக்கினு கீறாங்க. ஆபீஸ் விழா, புதுசா சேந்தவங்க ஃபோட்டோ எல்லாம் கீது. ஏமாத்தறவனுக்கு இவ்ளோ பொறுமை வருமா?"

வராது என்றுதான் நானும் சொன்னேன். பதிவின் தேதியை நாமே மாற்றிப் போடலாம் என்பது நம் இருவருக்கும் தெரிந்த விஷயம். பாப்பா பிறந்த கதையை அவள் குப்புற விழுந்த பிறகு எழுதி, அவளுக்காக நான் தொடங்கிய தளத்தில் பிறந்த தேதியிலேயே போட்டேன். அதை எப்படிச் செய்வது என்று காட்டியவளும் நீதான். மூன்று வருடப் பதிவுகளையும் ஒருவன் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து போட்டிருக்கலாம் என்று அன்றைக்கு நம் இருவருக்குமே தோன்றவில்லை. இப்போது அந்தத் தளமே இல்லை.

ஒன்று மட்டும் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. அந்தப் பதிவை அழித்தது நீயா, அவர்களா?

நீயாக இருந்தால் எனக்கு உயிர் வரும். ஏனென்றால் அழித்தாலும் எனக்கு வந்துவிடும் என்று உனக்குத் தெரியும். சூப்பர்வைசரின் தொப்பையைப் பற்றி எழுதிவிட்டு, பயந்துபோய் உடனே தூக்கினாயே, நினைவிருக்கிறதா? "அழிச்சிட்டேன்டி, யாரும் பாக்கல" என்றாய். "என்கிட்ட கீதே" என்று போனை நீட்டினேன். அதற்குள் ரீடர் வந்து எடுத்துப் போயிருந்தது. உன் முகம் போன போக்கைப் பார்த்து அன்று முழுக்கச் சிரித்தேன். அதை நினைத்துத்தான் போட்டிருக்கிறாய், போட்டதும் நீயே அழித்திருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "சொல்லாதடி" என்று ஒருத்தியிடம் பேசுவதுபோலத்தானே எழுதியிருக்கிறாய்.

ஆனால் அவர்கள் பார்த்துவிட்டு அழித்திருந்தால்?

பாப்பாவைத் தூங்கவைக்கும்போது உன் பெயர் மறுபடி தடித்தது. புதுப் பதிவு. "அன்புத் தோழிகளே, இங்கே பணி மிகவும் சிறப்பாக உள்ளது. தங்குமிடம், உணவு இலவசம். விருப்பமுள்ள பெண்கள் உடனே தொடர்பு கொள்ளவும்." இது உன் தளத்திலும் இருக்கிறது. எல்லோரும் பார்க்கும்படி. நீ யாரையாவது தோழி என்று கூப்பிட்டிருக்கிறாயா? இதை எழுதியது வேறு யாரோ, அல்லது யாரோ பக்கத்தில் நின்று உன்னை எழுத வைத்திருக்கிறார்கள். அப்படி நின்றவர்களின் கையில் என்ன இருந்தது என்றெல்லாம் மனம் போகிறது. ஹாஸ்டல் குரூப்பில், "அந்த வேலையை நம்பாதீங்க, யாரும் போன் பண்ணாதீங்க" என்று மட்டும் போட்டேன். காரணம் சொல்லவில்லை. நீ திட்டுவாயே, ஆதாரம் இல்லாத ஃபார்வர்டு என்று, அதையே நான் செய்தேன்.

சாப்பாட்டு பிரேக்கில் அவர் கூப்பிட்டார். அழுதுகொண்டே படித்துக் காட்டினேன். பிறகு, "ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கினியா?" என்றார்.

"எடுத்துட்டேன்."

"அந்தப் பதிவுக்குக் கீழ எதனா எழுதினியா?"

"இல்ல."

"எழுதாத. அவங்க பாத்தா அவளத்தான் புடிப்பாங்க. காலைல நேரா அவங்க அம்மா வூட்டுக்குப் போலாம். கூட்டிக்கினு ஸ்டேஷனுக்குப் போலாம், கலெக்டர் ஆபீசுக்குப் போலாம்."

"அம்மாகிட்ட சொல்லாதன்னு எழுதிக்கீறாளே."

"அவ சொல்லுவா. நீ கேக்கப் போறியா?"

போன வாரம் உன் அம்மா வந்திருந்தார். வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து, பாப்பாவுக்கு வேர்க்கடலை கட்டிக்கொண்டு. அவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று வாசலில் பார்த்ததுமே எனக்குத் தெரியும். "அது இன்னாமோ போன்ல எழுதுமே, எழுதிச்சா கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "எழுதலன்னா நல்லா கீதுன்னுதானே அர்த்தம்? வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்று எனக்கு அவர் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

உன் பேச்சை நான் தட்டியதே இல்லை. நாளைக்குத் தட்டப்போகிறேன். பெற்றவள் கையெழுத்துப் போட்டால்தான் மனுவை வாங்குவார்கள் என்கிறார் அவர். வாங்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த நான்கு வரியையும் எந்தக் குரலில் படித்துக் காட்டுவேன் என்றுதான் தெரியவில்லை. நீ வந்து என்னைத் திட்டு. வந்து திட்டு, போதும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் வராவிட்டால் பயமாக இருக்கிறது. தோழிகளே என்று இன்னொன்று வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

இவ்வளவு எழுதினேனே, இதில் ஒரு வரியையும் எங்கும் போடமாட்டேன். உன் போன் யார் கையில் இருக்கிறதோ. பாப்பாவின் தளத்தில் ஒரு படம் மட்டும் போடப்போகிறேன். அந்தத் தளத்தைத் தொடர்வது உலகத்திலேயே நீ ஒருத்திதான். அவள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, புதிதாக முளைத்த பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம். அந்தச் சட்டை நம் சந்தையில் நானே வாங்கியது. நீ எதையும் அனுப்பவில்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். வேறு யார் படித்தாலும் ஒரு குழந்தைப் படம், சட்டை வந்து சேர்ந்தது என்று ஒரு பதில், அவ்வளவுதான். படத்துக்குக் கீழே இப்படி எழுதுகிறேன்:

"நீ அனுப்பினது எனக்கு வந்து சேந்துச்சி. பத்திரமா வெச்சிருக்கேன். சீக்கிரம் பதில் போடு."