வாசலில் செருப்பு இல்லாத வீடு

ஜூலை 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். தச்சர் ஊ மியின் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டார், பலகைகளை பிளாஸ்டிக் தாளில் சுற்றி நாலு மாடியும் தூக்கிக்கொண்டு.

வேலை:
– வாசலுக்கு உள்பக்கம் கதவு வைத்த செருப்பு அலமாரி. மேலே குடை, மழைக்கோட்டு மாட்டக் கொக்கிகள். அடியில் சேற்றுத் தண்ணீர் வடியத் தகரத் தட்டு.
– சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம். கம்பிக்கு உள்பக்கமாக மரச்சட்டத் தடுப்பு. காற்று வர வேண்டும், பார்வை வரக்கூடாது. கொடியெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம்.
– அழுக்குத் துணிக்குக் கூடைகள். குட்டியுடையது தனி.

ஊ மியினிடம் சொன்ன காரணம்: செருப்பு திருட்டுப் போகிறது, மழைச்சாரலில் துணி காய்வதில்லை. இரண்டும் உண்மை. அதற்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தக் கட்டிடத்தில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர், இவருக்கே எழுத்துக்கூட்டித்தான்.

போன வாரம் துணி உலர்த்தும்போது பக்கத்து வீட்டு டோ டின் கம்பி வழியாகக் கேட்டாள். அவளுடைய பின்கட்டும் எங்களுடையதும் ஒட்டினாற்போல. "தமீ, ஒன் வீட்டுக்காரர் செவப்புக் கட்டம் போட்ட லோஞ்சியெல்லாம் கட்ட ஆரம்பிச்சிட்டாரா? கல்யாணமாகாத பையன் மாதிரி." தமீ என்றால் மகள். பர்மியில் அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

சிவப்புக் கட்டம் தம்பியுடையது. த்வாண்டேயில் அம்மா வீட்டில்தான் அவனுக்குப் பதிவு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்தது. ஷ்வேப்யிதாவில் தையல் ஆலையில் வேலை. அங்கே லீவுகூடச் சொல்லாமல் ஒரு பையோடு இங்கே வந்து நின்றான். இரவு தங்கும் ஆளை, பத்து வீட்டுக்கு ஒருவராக இருக்கிற தலைவரிடம் பதிய வேண்டும். பதிந்தால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். பதியாமல் பிடிபட்டால் எங்களையும் சேர்த்து. மூத்தவள் பவித்ராவுக்கு நாலு வயது. குட்டி இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை.

கொடியைப் பார்த்தால் வீட்டில் எத்தனை ஆள் என்று தெரிந்துவிடும். வாசல் செருப்பைப் பார்த்தாலும். இதை யோசித்து யோசித்துத்தான் தச்சரைக் கூப்பிட்டேன். ஆளை ஒளிக்கிற வேலைக்கு ஓர் ஆளை வீட்டுக்குள் விட வேண்டியிருக்கிறது. தம்பி பகல் முழுக்க உள் அறையில், குட்டியோடு. கதவு சாத்தி.

ஜூலை 8, செவ்வாய்

மீ இல்லை, கரண்டுக்கு இங்கே அதுதான் பெயர். காலையில் வர வேண்டிய முறை, வரவில்லை. மெஷினில் ஊறப்போட்டது அப்படியே நாறுகிறது. இவருக்குக் கடையில் ஜெனரேட்டர் பழுது, ஃபோன் ரிப்பேர் எதுவும் ஓடாது, வீட்டிலேயே.

மரத்தூள் தம்பிக்கு ஆகாது. சின்ன வயதிலேயே. எப்படி மறந்தேன்?

முதல் இருமலுக்கு நான் பாத்திரத்தை உருட்டினேன். இரண்டாவதுக்கு பவித்ராவை அதட்டினேன், பாவம், அவள் சும்மா உட்கார்ந்து கன்னத்தில் தனக்கா விழுதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதுக்கு ஊ மியின் ரம்பத்தை நிறுத்திவிட்டார்.

"உள்ள யாரு?"

"என் நாத்தனார். காய்ச்சல்."

"ஆம்பளை இருமல் மாதிரில்ல இருக்கு?"

இவர்தான், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே: "எங்க குடும்பத்துல பொம்பளைங்களுக்கெல்லாம் கட்டைக் கொரல்."

"என் மாமியாரும் அப்படித்தான்" என்றார் ஊ மியின். "ஃபோன எடுத்தா போலீஸ் ஸ்டேஷன்னு நெனைச்சு வச்சுடுவாங்க." மறுபடி ரம்பம்.

அவர் போனபின் இவர் குரலை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அலமாரி முடியட்டும்."

"அலமாரி முடிஞ்சா அவன் காணாமப் போயிடுவானா?"

நான் தரையில் கிடந்த மரத்தூளைக் கூட்டினேன்.

"ஒந்தம்பிங்கறதாலதான் வாய மூடிட்டு இருக்கேன்."

"மூடலையே."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். தப்பு அவர்மேல் இல்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் அவர் முகம் போகிற போக்கை நான் பார்க்கிறேன். என் முகத்தை யார் பார்க்கிறார்களோ.

ஜூலை 10, வியாழன்

வாஸோ பௌர்ணமி. கீழே எல்லா வீட்டிலும் பூ, புத்தர் கோயிலுக்குக் கிளம்புகிற சத்தம். மழை விட்டு விட்டு.

வேலை நேற்றே முடிந்தது. வார்னிஷ் வாசனை.

நன்றாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது. குடையை மாட்டினால் தட்டில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பவித்ராவின் ரப்பர் பூட்ஸ் அவளுக்கு எட்டுகிற தட்டில். பின்னால் மூன்று கூடை: வெள்ளை, கலர், குட்டி. சோப்புத்தூளுக்கு மூடி போட்ட டப்பா. கிளிப்புகள் ஒரு கம்பியில் வரிசையாக. கொடியில் வெளிப்பக்கம் படுக்கை விரிப்பு, நடுவில் தம்பியுடையது, உள்ளே மற்றது.

தம்பிக்கு ஆலையில் கடைசிப் பிரிவில் வேலை, சட்டையை மடித்து உறையில் போடுவது. அட்டை ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டுத் துணி முழுவதையும் மடித்துவிட்டான். குட்டியின் நாப்பியைக்கூட. இவருடைய கிழிந்த பனியன் கடையில் வாங்கினதுபோல இருக்கிறது.

"இத மாட்டவே பயமாருக்கு" என்றார் இவர். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"வெல ஒட்ட மறந்துட்டேன் மச்சான்."

இருவரும் சிரித்தார்கள். நான் அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பாதிப் பகல் பயமே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்ததும் போய் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

மீன் வாங்கிக்கொண்டு மேலே ஏறும்போது படியில் டோ டின்.

"அட, இருக்கியா தமீ? வெளிநாட்டுக்கே போயிட்டீங்கன்னு நெனைச்சேன்."

"ஏன்?"

"வாசல்ல ஒரு செருப்பக் காணோம். எல்லா வீட்டு வாசலும் சந்தை மாதிரி கெடக்கு, ஒங்க வாசல் மட்டும் தொடைச்சு விட்டாப்ல. கீழ ஊ சோகூடக் கேட்டாரு, அந்தக் கலார் வீடு பூட்டிக் கெடக்கான்னு."

ஊ சோ தரைத்தளம். பத்து வீட்டுத் தலைவர் அவர்தான். கலார் நாங்கள், இந்திய வம்சத்தாரை இங்கே இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள்.

மீன் பையோடு அப்படியே நின்றேன். இத்தனை நாள் யோசித்தேனே, இதை யோசிக்கவில்லை. செருப்பு அதிகம் இருந்தால்தான் கண்ணில் படும் என்று நினைத்தேன். இல்லாவிட்டாலும் படும். இன்னும் நன்றாகப் படும். இந்த ஊரில் ஆள் இருக்கிற எந்த வீட்டு வாசல் காலியாக இருந்திருக்கிறது?

உள்ளே வந்ததும் என்னுடையது ஒரு ஜோடி, இவருடையது ஒன்று, பவித்ராவுடையது ஒன்று எடுத்து வெளியே வைத்தேன். அலமாரியிலிருந்து வந்தவை, பளிச்சென்று இருந்தன. இன்றைக்குத்தான் வைத்தது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கீழே போய் பிளாஸ்டிக் பையில் சேறு அள்ளி வந்தேன். பழைய பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொன்றிலும் பூசினேன். குதிகால் பக்கம் கொஞ்சம் அதிகமாக.

தம்பி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, ஒன் கெமிஸ்ட்ரி டிகிரி வீணாப் போகல."

சிரிக்கவில்லை நான். அழுகை வந்தது, பிரஷை வைத்துக்கொண்டே. அவன் உள்ளே போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டான்.

ஜூலை 13, ஞாயிறு

மாலையில் ஊ சோ மேலேயே வந்துவிட்டார். வேலையாக இல்லை, சும்மா, பூட்டியிருந்ததோ என்று பார்க்க. கதவு தட்டியதும் தம்பி பின்னால் போய்விட்டான், தடுப்புக்கு இந்தப் பக்கம், ஈர விரிப்புகளுக்கு நடுவில். அவன் செருப்பு மெஷினுக்குள்.

ஊ சோ வாசலிலேயே நின்றுவிட்டார். அலமாரியைத் தட்டினார். திறந்தார். தட்டை இழுத்துப் பார்த்தார்.

"தண்ணி இதுல வடிஞ்சிருமா?"

"ஆமா."

"நல்ல யோசன. எங்க வீட்ல மழை வந்தா என் பொண்டாட்டி கத்துறது ஒங்களுக்கே கேக்கும். யாரு செஞ்சா?"

"ஊ மியின்."

கேட்டவுடன் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"நம்ம ஊ மியினா? நாளைக்கே வரச் சொல்லிடறேன்." டீகூடக் குடிக்காமல் சந்தோஷமாக இறங்கிப் போனார்.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேரச் சொல்லாம இருந்திருக்கலாம்."

"கேட்டாரே."

"செத்துப்போன தச்சன் பேரு ஏதாவது சொல்றது."

தம்பி பின்னாலிருந்து வந்தான், சட்டை முழுக்க ஈரம், உதடு வெளுத்து.

ஜூலை 14, திங்கள்

முதல் தடவையாகப் பகலில் எழுதுகிறேன். மழை இல்லை, புழுக்கம். மீ இருக்கிறது, மெஷினில் துணி போடவில்லை.

காலையிலிருந்து கீழே சுத்தியல் சத்தம். குப்பையைக் கொட்டக் கீழே போனேன். கொட்டவா போனேன், பார்க்கத்தான் போனேன். ஊ சோ கதவைத் திறந்து வைத்திருந்தார். இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நழுவுவதற்குள் ஊ மியின் கூப்பிட்டார்.

"தமீ, ஒங்க நாத்தனாருக்குக் காய்ச்சல் தேவலையா?"

ஊ சோ டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த நாத்தனார்?"

"எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. மிங்கலாடோன்லேர்ந்து. ஒரு ராத்திரிதான் இருந்தா."

"நான் வந்த கடைசி ரெண்டு நாளும் இருமிட்டே இருந்தாங்களே, பாவம்" என்றார் ஊ மியின். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அக்கறைதான் தெரிந்தது. வேறு எதுவும் இருந்திருந்தால் பரவாயில்லை, கெஞ்சியாவது பார்த்திருக்கலாம்.

"எங்கிட்டப் பதியலையே" என்றார் ஊ சோ. கோபமாகச் சொல்லவில்லை.

"மறந்துட்டோம். மழை."

"சரி, பரவால்ல தமீ. சாயங்காலம் அவங்க கார்ட எடுத்துட்டு அவங்களையே வரச் சொல்லுங்க. வார்டு ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு எப்படியும் இன்னிக்கு எல்லா வீட்டையும் பாக்க வர்றாங்க. அவங்க முன்னாலயே எழுதிட்டா எனக்கும் தொந்தரவு இல்ல, ஒங்களுக்கும் இல்ல."

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியவில்லை. குப்பை வாளி இன்னும் நிறைந்தபடி கையில் இருந்தது.

இவரைக் கடையிலிருந்து வரவழைத்தேன். மிங்கலாடோனுக்கு, நிஜ நாத்தனார் வசந்திக்கு ஃபோன். எல்லாம் கேட்டுவிட்டு, "வர்றேன் அண்ணி. வந்து இருமணுமா, சும்மா இருந்தாப் போதுமா?" என்றாள். கட்டைக் குரல் கொஞ்சமும் இல்லாதவள். அவள் நல்லவள். இன்றைக்கு மட்டும் கடவுள் அவள் குரலை மாற்றட்டும்.

எல்லா வீட்டையும் பார்ப்பார்கள் என்றால் பின்கட்டையும் பார்ப்பார்கள். விரிப்பை விலக்கிப் பார்ப்பார்கள். தம்பி இங்கே இருக்க முடியாது. ஆலையில் கூட வேலை செய்தவன் ஒருவன் ஷ்வேப்யிதாவில் அறை வைத்திருக்கிறான். இரண்டு மூன்று நாள் இருக்கட்டும் என்றானாம். வழியில் ராணுவத்தார் நிறுத்திப் பார்க்கிறார்கள். வயசுப் பையன் தனியாக டாக்சியில் போனால் இறக்கிவிடுவார்கள். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை என்றால் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கடையில் எல்லாரும் சொல்வார்கள் இதை.

நானும் குட்டியும் அவனோடு போகிறோம் என்று சொன்னது நான்தான். வேறு யாரும் அதை எடுக்கவில்லை.

இவர் குட்டியைப் பார்த்தார். பிறகு, "குட்டியையுமா?"

"குட்டி இல்லேன்னா குடும்பம் மாதிரி இருக்காது."

"வேணாக்கா" என்றான் தம்பி. "நானே போயிக்கறேன். பிடிச்சாப் பிடிக்கட்டும்."

இவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். ஒரு நாப்பியை எடுத்துப் பிரித்தார், மடித்தார், பிரித்தார். தம்பி மடித்த மாதிரி வரவில்லை. திரும்பி வந்து பர்ஸிலிருந்து தன்னுடைய மப்பொந்தின் அடையாளக் கார்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"மச்சான், மூஞ்சி?"

"அவங்களுக்கு நம்ம எல்லாம் ஒரே மூஞ்சிதான்டா. மீசைய மட்டும் எடுத்துடு."

செவ்வாய்க்கிழமை அலமாரி பற்றிக் கேட்ட அதே ஆள்.

பயமாக இருக்கிறது என்று எழுதினால் போதவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்? குட்டி என் மடியில் இருப்பான். இறங்கச் சொன்னால் மூன்று பேரும் இறங்க வேண்டும். பெற்றவள் செய்கிற காரியமா இது? அம்மா இருந்தால் கேட்டிருக்கலாம், அம்மா த்வாண்டேயில், ஃபோனில் பேசவே பயந்து கிடக்கிறாள். அவனை விட்டுவிட்டால் அவளுக்கு நான் என்ன சொல்வேன். குட்டிக்கு ஏதாவது ஆனால் இவருக்கு என்ன சொல்வேன். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் டாக்சி.

எடுத்துப்போக:
நாப்பி
பால் புட்டி, வெந்நீர் ஃபிளாஸ்க்
குட்டியின் சிவப்புத் தொப்பி (யாராவது கொஞ்சட்டும்)
கோயில் விபூதி
தம்பியின் துணி இரண்டே இரண்டு, குட்டியின் பைக்குள், அடியில்

பவித்ரா இவரோடும் வசந்தியோடும். அத்தை வருகிறாள் என்று குதிக்கிறாள். நான் திரும்பி வர எட்டு மணி ஆகலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தம்பி மீசை எடுத்துவிட்டு வந்தான். இவருடைய நீலச் சட்டை, இவருடைய வாட்ச். பதினாறு வயதுபோல இருக்கிறான், இன்னும் மோசம். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். இன்னும் கிட்ட வா என்றேன். குட்டியை அவன் தோளில் போட்டேன், உடனே தூங்கிவிட்டான், எப்போதும் அவனிடம்தான் சீக்கிரம் தூங்குவான்.

கீழே சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. இவர் டாக்சி பார்க்கப் போயிருக்கிறார்.

"வழியில யாரு எதக் கேட்டாலும் நான் பேசிக்கறேன். அக்கான்னு மட்டும் வாயத் தொறந்துடாத" என்றேன்.

"சரிக்கா" என்றான்.