உப்பு பார்க்க ஆள் வேண்டும்

மேற்குத் தாம்பரம்
10.9.2007

அன்புள்ள பென்னிக்கு,

ஜலால் எழுதுவது. முதலில் என் சலாமை வாங்கிக்கொள், கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். போன் செய்தால் கட் செய்துவிடுகிறாய். அதனால் உன் தங்கை கிறிஸ்டினாவிடம் சார்ஜா முகவரி வாங்கி எழுதுகிறேன்.

வியாபாரத்துக்குக் குறையில்லை. ஸ்டேஷன் வாசலில் நாம் இருவரும் தள்ளிய ஃபாஸ்ட் ஃபுட் வண்டி இப்போது மூன்று கடை. மூன்றாவது பல்லாவரத்தில். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கினோமே, அந்தப் பழைய கடாயில்தான் இன்னும் ஃப்ரைடு ரைஸ் போடுகிறேன். 'தள்ளுவண்டில ஆரம்பிச்சி எங்கியோ போய்ட்டீங்க பாய்' என்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். சந்தோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் மனைவி பரிதா ஜூன் மாதம் காலமாகிவிட்டாள். கிறிஸ்டினா சொல்லியிருப்பாள். மூளைக் காய்ச்சல், நாலே நாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கடையைத் திறந்துவிட்டேன். எனக்கு இதுவரை அழுகை வரவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நானே நெய்ச்சோறும் தால்சாவும் ஆக்கினேன். நூறு பேர் சாப்பிட்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். கடைசியில் என் மகள் ரூக்சார் வந்து, 'அத்தா, வாயில வெக்க முடியல, ஒரே உப்பு' என்றாள். இரண்டு தடவை போட்டிருக்கிறேன். பாவம் பார்த்து எல்லோரும் விழுங்கியிருக்கிறார்கள். என் நாக்கில் ருசி செத்துப் போனது அன்றுதான் தெரிந்தது. துக்கத்தில் சிலருக்கு இப்படி ஆகும், வரும்போது வரும் என்கிறார் டாக்டர். கடையில் யாருக்கும் சொல்லவில்லை. கை அளவை நம்பிப் பயந்து பயந்து போடுகிறேன். தட்டுகள் பாதியோடு திரும்பி வருகின்றன.

நோன்பு மாதத்தில் நான் வாயில் வைக்க முடியாதென்று நீதானே உப்பு பார்ப்பாய்? உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டு, 'இன்னா மச்சான், கடல் தண்ணிய மொண்டு ஊத்திட்டியா' என்று கத்துவாய். ஏழு வருஷம் பார்த்தாய். கடைக்குப் போர்டு எழுதும்போது என் பெயரை மட்டும் போட்டேன். 'எம் பேரு எங்கடா' என்று நீ கேட்டதற்கு, 'உப்பு பார்த்தவன்லாம் மொதலாளியா' என்றேன். அதைச் சொன்ன வாய்தான் இது.

தாம்பரம் கடையின் போர்டைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். இப்போது கடைக்குப் பெயர் இல்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் நோன்பு பிறந்துவிடும். இந்தத் தடவை முப்பது நாளோடு முடியாது பென்னி. வருஷம் முழுக்க எனக்கு நீ உப்பு பார்க்க வேண்டும். வந்துவிடுடா. உன்னையும் உன் பிள்ளைகளையும் அல்லாஹ் நல்லபடி வைக்கட்டும்.

உன் மச்சான்,
ஜலால்