முதல் பெஞ்சு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றும் கோயிலில் பாதி பெஞ்சு காலி. என் அப்பா காய்ச்சலோடு ஆராதனைக்குப் போனவர். நான் கால் உடைந்தபோதும் மாவுக்கட்டோடு போனேன். என் மகளுக்குத் தலைவலியாம். எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிற தலைவலி. பேத்தி மட்டும் என்னோடு முதல் பெஞ்சில் உட்காருகிறாள். சபைச் செயலாளர் வீட்டில் மிஞ்சியது அந்த ஒரு தலை. அவளையும் விட்டால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

ஆகஸ்ட் 5

"இளையோர் ஏன் வருவதில்லை?" கமிட்டியில் பேசினேன். செல்போன், சோம்பேறித்தனம், வளர்ப்பு சரியில்லை என்று வெளுத்து வாங்கினேன். கைதட்டினார்கள். சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன்.

"என் புருஷன் விட்டுட்டுப் போனதை மைக்ல சொல்லி ஜெபம் பண்ண வச்சியே, அதையும் சொன்னியாப்பா?" என்றாள்.

நல்லதுக்குத்தானே செய்தேன்? சபையே அவளுக்காக முழங்காலில் நின்றதே. வாய்க்கொழுப்பு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேத்தி பதினோரு வயதிலும் படுக்கையை நனைக்கிறாள். போதகரிடம் ஜெபக் குறிப்பாகச் சொன்னேன். பேர் சொல்லி, விஷயத்தையும் சொல்லி, உருகி ஜெபித்தார். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. வீடு வரை என் கையைப் பிடிக்கவில்லை. பிடிவாதம், அப்படியே அம்மா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

"தலை வலிக்குது தாத்தா."

கையைப் பிடித்து இழுத்தேன். ஜன்னல் கம்பியை விடவில்லை. ஓர் அறை விட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பெஞ்சில் நான் மட்டும்.

ஆகஸ்ட் 21

"இந்த ஞாயிறு நானும் வர்றேன்ப்பா" என்கிறாள் மகள். போதகரிடம் போனில் பேசிவிட்டாளாம். வழிக்கு வந்துவிட்டாள்.

மருந்துக்கடையில் எனக்கு வேண்டியதையும் வாங்கி வந்திருந்தாள் — டயப்பர். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சனியன் இல்லாமல் நான் வாசல் தாண்ட முடியாது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பேத்திக்குக்கூட.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பக்கத்தில் மகள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே.

போதகர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, நம்ம செயலாளர் ஐயா மூத்திரத்தை அடக்க முடியாம, டயப்பர் கட்டிக்கிட்டு சபைக்கு வர்றார்..."

இன்னும் என்னென்னவோ. என் காதில் விழுந்தது பின்வரிசைச் சிரிப்புதான். கட்டிக் காத்த மானம் ஒரே ஜெபத்தில் கப்பலேறியது. "ஆமென்" என்று மகள் சொன்னது எல்லோருக்கும் மேலாகக் கேட்டது.

வெளியே வந்து, "ஏன்டி பாவி?" என்றேன்.

"நல்லதுக்குத்தான்ப்பா."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனை முடிந்த கையோடு போதகர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். பேத்திதான் கதவைத் திறந்தாள். உள்ளே எட்டி என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"தாத்தாவுக்குத் தலைவலி" என்றாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்" என்று கதவைச் சாத்தினாள்.