கரியப்பன் வாயை அடைத்த கதை

ஜனவரி 11, 1955. தேன்கனிக்கோட்டை

பத்திரிகையில் என் கதை வந்துவிட்டது. பகலில் பத்திரம் எழுதி, மிச்ச நேரத்தில் ஊரைச் சிரிக்க வைப்பவனின் முதல் அழுகைக் கதை. தபால்காரர் திம்மப்பன் வழக்கம்போல் எனக்கு முன்பே படித்துவிட்டார். அட்டையில் போண்டா எண்ணெய். "அழுதுட்டேன் சார்" என்றார். தின்றுகொண்டேவா?

ஜனவரி 12

என் மனைவி சரோஜா படித்தாள். "தேன் கொண்டாற நம்ம கரியப்பனா இது? அவன்கிட்ட பேரம் பேசி நான் ஜெயிச்சதே இல்லியே!"

உண்மை. ஐப்பசியில் நாராயணப்பன் தன் கேழ்வரகுக் கொல்லைக்கு யானை இறங்காமல் காவல் கேட்டபோது காவல் பரணடியில் வெற்றிலை மென்றபடி நானும் இருந்தேன். காவலுக்கு ஈடாக ஏரிக்கரையில் குடிசைக்கு இடம் கேட்டான் கரியப்பன். வாதாடி வாங்கினான். அப்படியேதான் எழுதினேன். சென்னைப் பத்திரிகை ஆசிரியர் திருப்பியனுப்பினார்: 'மலைவாசி பேரம் பேசுவது யதார்த்தமல்ல. அவன் ஊமையாக மிதிபட்டால்தான் வாசகனுக்கு வர்க்க உணர்வு பிறக்கும்.' உடனே கதையில் அவன் வாயை அடைத்து யானையையும் ஏவினேன். புத்தகம் போடுவதாகச் சொல்கிறார் — விடுவேனா?

ஜனவரி 19

அறுவடை முடிந்ததும் குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார் நாராயணப்பன். இடம் தருவதாகச் சொல்லவே இல்லையாம். கரியப்பன் பெண்சாதி மாரம்மா வாசலில் நின்றாள். "நீ அங்கதான இருந்த சாமி? பஞ்சாயத்துல வந்து சொல்லு."

வருகிறேன் என்றேன்.

ஜனவரி 20

நாள் முழுக்கத் தெருவை அளந்தேன். கதை பொய் என்றால் புத்தகம் போச்சு. சொல்லாவிட்டால் குடிசை போச்சு. பத்திரம் எழுதுகிறவன், அன்றைக்கே நாலு வரி எழுதித் தந்திருக்கலாமே? ஏன் தோன்றவில்லை? நாராயணப்பன் இடம் வாங்கியிருந்தால் தோன்றியிருக்கும்.

ஜனவரி 21

பஞ்சாயத்து. நாராயணப்பன் பத்திரிகையை ஆட்டினார். "எழுத்துக்காரரே எழுதியிருக்காரு பாருங்க. இவன் வாயே தொறக்கலியாம்!"

எழுந்தேன். "கதை பொய். அவன் கேட்டான், இவரு சரின்னாரு."

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" — ஊரே சிரித்தது. இருபது வருட உழைப்பின் பலன்.

கரியப்பன் எழுந்தான். நாராயணப்பனைப் போலவே வேட்டியை இடுக்கி, அதே கனைப்போடு, "எடுத்துக்கடா, ஏரி என்னா ஓடியா பூடும்!" என்றான். பிறகு வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கி, "ஆகா, தாராள மனசு!" — அச்சு அசல் நான். இப்படி ஒரு சிரிப்பை நான் ஒருநாளும் வாங்கியதில்லை.

நாராயணப்பனின் அண்ணன் சென்னப்பனே சொல்லிவிட்டார்: "டேய், இது உன் பேச்சுதாண்டா."

குடிசை நிற்கும்.

ஜனவரி 23

இடத்துக்குப் பத்திரம் எழுதினேன். படிக்கச் சொல்லிக் கேட்டு, கரியப்பன் இரண்டு இடத்தில் திருத்தினான். போகும்போது, "என்னைய ஏன் சாமி ஆனைகிட்ட வுட்ட? ஆனை வர்றது தெரியாத ஆளா நானு?" என்றான். கோபமெல்லாம் அதில்தான்.

ஜனவரி 24

பழைய கதையை, பேரத்தோடு, சென்னைக்கு மறுபடி அனுப்பினேன்.

மார்ச் 3

திரும்பி வந்துவிட்டது. புத்தகமும் இல்லையாம். கரியப்பனிடம் சொன்னேன்.

"இதுல நான் பேசறனா?"

"பேசறே."

"ஆனை?"

"தூரத்துல போவுது."

"அப்ப படி" என்று உட்கார்ந்தான்.