பின்னோக்கி நடந்த கழுதை

மார்ச் 3

அன்புள்ள கத்திரி அவர்களுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். குழப்பம் வேண்டாம் என்று, இந்தக் கடிதத்தில் என்னென்ன வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. நலம் விசாரிப்பு.
2. டிவி கார்ட்டூன்களைப் பற்றி என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாத நான்கு கருத்துகள்.
3. ஒரு கழுதையைப் பற்றிய கேள்வி.
4. அதைக் கேட்பதற்கான காரணம். (துணிவு இருந்தால்.)

முதலாவது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? மகள் இன்னும் உங்களோடுதான் இருக்கிறாளா? நான் நலம். இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன். நலம் என்றே இருக்கட்டும்.

இரண்டாவது. போன ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பேத்தி தரையில் குப்புறப் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள், "என்ன இருந்தாலும் பழைய கார்ட்டூன் மாதிரி வருமா மாமா?" என்று பேச்சுக்குக் கேட்டாள். தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். இருபத்தாறு வருடம் நம் டிவி நிலையத்தின் முன்பார்வை அறையில் உட்கார்ந்து, ஒளிபரப்புக்கு முன் எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெழுதியவன் என்ற நினைப்பில் வாயைத் திறந்துவிட்டேன்.

பழையவை அப்படியொன்றும் உயர்ந்தவை அல்ல என்பது என் முதல் கருத்து. ஒருவன் ஓடுவான், அவனுக்குப் பின்னால் ஒரே மரம் ஒன்பது முறை கடந்து போகும். நான் எண்ணியிருக்கிறேன். நாம் சின்னவர்களாக இருந்ததைப் படம் நன்றாக இருந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கருத்து, எலியைப் பூனை துரத்தும் கதைகளில் நான் எப்போதும் பூனையின் பக்கம். அந்த வீட்டில் வேலை என்று ஒன்று பார்ப்பது பூனை மட்டும்தான். எலி சுவரில் ஓசியில் குடியிருந்து, திருடித் தின்று, அதற்குமேல் சிரிக்கவும் செய்கிறது.

மூன்றாவது, புதிய கார்ட்டூன்களில் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனால் வாய் ஓய்வதில்லை. ஒரு முயல் தன் மனவருத்தத்தை நான்கு நிமிடம் விளக்கியது. முயல் ஓட வேண்டும்.

இதுவரை சிரித்தார்கள். நான்காவதில்தான் மாட்டிக்கொண்டேன். இன்று குழந்தை அழுதுவிடுமே என்று எல்லாவற்றையும் மழுப்பிக் காட்டுகிறார்கள். நம் நிலையத்தில் வந்ததை வந்தபடி காட்டினோம், குழந்தைகளிடம் நாம் பொய் சொன்னதில்லை என்றேன். உதாரணத்துக்கு 'குடைக் கழுதை'யைச் சொன்னேன். உங்களுக்கு நினைவிருக்கும். பதின்மூன்று பகுதிகள், வசனமே கிடையாது, குடை பிடித்த கழுதை ஒன்று வீட்டைத் தேடிப் போகும். "கடைசிப் பகுதியில் கழுதை பின்னோக்கி நடந்து வீட்டுக்குள் போகும். மழை மேலே ஏறும். புகை புகைக்கூண்டுக்குள் இறங்கும். எவ்வளவு விசித்திரம்! அதில்கூட நாங்கள் கை வைக்கவில்லை" என்றேன்.

"தாத்தா, கழுதைக்கு ரிவர்ஸ் கியர் இருக்கா?" என்றாள் பேத்தி.

மகன் சிரிக்கவில்லை. "அப்பா, அது வீட்டுக்குப் போகவே போகாது. படகைத் தவற விட்டுட்டு ஆத்தங்கரையில நிக்கும். அவ்வளவுதான் படமே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பேத்தி போனில் தேடி எடுத்தாள். பதின்மூன்றும் இருக்கிறது. கழுதை கரையில் நிற்கிறது. குடை சாய்கிறது. முடிந்தது. மூன்று முறை போட்டுக் காட்டினாள்.

"சரிப்பா, விடுங்க," என்றான் மகன். அந்தக் குரலில் அவன் என்னிடம் பேசியதே இல்லை.

மூன்றாவது, என் கேள்வி. படங்களை வெட்டி ஒட்டியவர் நீங்கள். கழுதை பின்னோக்கி நடந்ததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

நான்காவதை எழுதத் துணிவு வரவில்லை.

அன்புடன்,
நிதானம்
(நீங்கள் எல்லோரும் அப்படித்தானே அழைத்தீர்கள்)


மார்ச் 9

அன்புள்ள கத்திரி அவர்களுக்கு,

ஆறு நாளாகிவிட்டது. தபால் தாமதமாக இருக்கலாம். நான் முகவரியைத் தவறாக எழுதியிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. இப்போதெல்லாம் என்னென்னவோ தோன்றுகிறது.

விட்டுப்போன நான்காவதை எழுதுகிறேன். ஞாயிறு முதல் மகன் தினமும் போன் செய்கிறான். வாரம் ஒருமுறை பேசுகிறவன். "காலையில என்ன சாப்பிட்டீங்க? நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறான். நேற்றையதைக் கேட்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா? இருபத்து நான்காம் தேதி நினைவாற்றல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறானாம். நான் இல்லாததை இருந்தது என்று நினைப்பதாக மருத்துவர் எழுதிவிட்டால், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவர்கள் ஹாலில் ஒரு கட்டில். அதைக்கூடத் தாங்குவேன். அதன் பிறகு நான் எது சொன்னாலும், வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்ப்பார். அதைத்தான் தாங்க முடியாது.

என்னை நானே சோதித்துக்கொள்கிறேன். தினமும் காலையில் நிலையத்து நடைவழியை நினைவிலிருந்து வரைகிறேன். என் அறை, டேப் நூலகம், ஒப்பனை அறை, குடிநீர்ப் பானை, மாடிப்படி. நேற்று உங்கள் எடிட்டிங் அறைக் கதவு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போனில் கேட்கலாம்தான். குரலில் பயம் தெரிந்துவிடும். கடிதத்தில் அடித்துத் திருத்தலாம்.

அன்புடன்,
நிதானம்


மார்ச் 14

மதிப்பிற்குரிய நிதானம் சாருக்கு,

வணக்கம். இரண்டு கடிதமும் கிடைத்தன. முட்டி என்னைவிட நன்றாக இருக்கிறது, கழற்றிப் புதிது வைத்துவிட்டார்கள். மகள் என்கூடத்தான் இருக்கிறாள். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், பூனைக்கு வக்காலத்து வாங்கிய இடத்தில், "யாருப்பா இந்த ஆளு, இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது: கார்ட்டூன் பார்க்கும்போது கருத்துச் சொல்கிறவர்களை வெளியே அனுப்ப வேண்டும்.

என் அறைக் கதவு வலப்பக்கம். உங்கள் அறையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம். அதனால் இரண்டும் சரிதான். பென்சிலைக் கீழே வையுங்கள்.

கழுதை விஷயம் கடிதத்தில் வேண்டாம் சார். ஒருநாள் நேரில் வாருங்கள், பேசுவோம்.

இப்படிக்கு,
கத்திரி


மார்ச் 16

அன்புள்ள கத்திரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் வெட்கம். "கடிதத்தில் வேண்டாம்" என்று மனிதர்கள் எதற்குச் சொல்வார்கள்? கெட்ட செய்திக்கு. நீங்களும் பார்க்கவில்லை, அதைச் சொல்ல மனம் வரவில்லை, கிழவன் முகத்தைப் பார்த்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறீர்கள்.

பக்குவம் வேண்டாம். எட்டு நாள்தான் இருக்கிறது. ஒரு தபால் அட்டையில் ஒரே சொல் எழுதுங்கள். ஆம், அல்லது இல்லை.

அந்தப் படத்தை எங்கே பார்த்தேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. டிவி உயரத்தில் இருந்தது. சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள் நின்றார்கள். நம் நிலையத்தில் அப்படி ஓர் இடமே கிடையாதே. கனவாக இருக்குமோ? கனவென்றால் என் மகன் சொல்வதுதான் சரி.

நிதானம்


மார்ச் 19

மதிப்பிற்குரிய நிதானம் சாருக்கு,

ஆம்.

ஒரே சொல் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் இவ்வளவு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு சொல் போதாது.

கழுதை பின்னோக்கி நடந்தது. நடக்க வைத்தவன் நான். வைக்கச் சொன்னவர் நீங்கள்.

அந்த வாரம் உங்கள் வீட்டம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். உங்கள் பையனுக்கு ஐந்து வயது. வீட்டில் விட ஆளில்லை என்று நிலையத்துக்குக் கூட்டி வந்தீர்கள். முன்பார்வை அறையில் உங்கள் மடியில் உட்கார்ந்து பதின்மூன்றாம் பகுதியைப் பார்த்தான். முடிந்ததும் அழவில்லையாம். "அது வீட்டுக்கே போகாதா? அம்மாவும் வர மாட்டாங்களா?" என்று கேட்டானாம். அவனைத் தூக்கிக்கொண்டே என் அறை வாசலுக்கு வந்தீர்கள். உள்ளே வரவில்லை. ஒரு சீட்டைக் கொடுத்தீர்கள். "வியாழக்கிழமை இவன் டிவியில பாப்பான். அது வீட்டுக்குப் போயிடணும்" என்றீர்கள். நான், "சார், படத்துல இல்லாததை நான் எங்க போய் எடுப்பேன்?" என்றேன். "எடுங்க" என்றீர்கள். என்னிடம் நீங்கள் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

முதல் பகுதியில் கழுதை வீட்டைவிட்டு மழையில் கிளம்புமே, அந்த நாற்பது விநாடியைப் பின்னோக்கி ஓட்டி, கடைசியில் ஒட்டினேன். அதனால்தான் மழை ஏறியது, புகை இறங்கியது. நீங்கள் அதை ஆஸ்பத்திரி ஹாலில் நின்றபடி பார்த்தீர்கள். மறுநாள் நீங்களே போன் செய்து சொன்னீர்கள். சனிக்கிழமை அம்மா போய்விட்டார்கள்.

நேயர் ஒருவர் புகார் எழுதி, எனக்கு மெமோ வந்தது. யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டார்கள். அந்த வாரத்தில் உங்கள் பெயரை எப்படிச் சொல்வேன்? நானாகத்தான் செய்தேன் என்றேன். தண்டனையாக இரண்டு வருடம் டேப் நூலகத்தில் தூசு தட்டினேன்.

எனக்கு வருத்தம் அதில்லை சார். அந்த இரண்டு வருடமும் தினமும் என் மேஜையைத் தாண்டிப் போனீர்கள். இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்கவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு எழுதாமல் விட்டதும் அதனால்தான். நேரில் வரச் சொன்னது பக்குவமாகச் சொல்ல அல்ல. உங்கள் முகத்துக்கு நேரே சண்டை போட. உங்கள் கடிதங்களை இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது, உங்களுக்கு உண்மையிலேயே நினைவில்லை. அப்புறம் எதற்குச் சண்டை?

உங்கள் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கத்திரி


மார்ச் 25

அன்புள்ள கத்திரி அவர்களுக்கு,

சீட்டைப் பார்த்தேன். "பகுதி 13. முடிவை மாற்ற வேண்டும். கழுதை வீடு சேர வேண்டும். காரணம் கேட்க வேண்டாம்." எழுத்து என்னுடையதுதான். 'வீடு' என்பதை அடித்துத் திரும்ப 'வீடு' என்றே எழுதியிருப்பது என்னைத் தவிர வேறு யார்? ஆனால் எழுதியது நினைவில்லை. உங்கள் வாசலில் நின்றது நினைவில்லை. போன் செய்தது நினைவில்லை. ஆஸ்பத்திரி ஹாலின் தரைக்கற்களை எண்ணியது மட்டும் நினைவிருக்கிறது.

நீங்கள் 'ஆம்' என்று எழுதினால் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தேன். பயம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. இல்லாததை நான் பார்க்கவில்லை. செய்ததை மறந்திருக்கிறேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. மறைத்துவிடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். உங்கள் கடிதத்தை மடித்து 'ஆம்' என்ற வரியை மட்டும் காட்டி, சீட்டைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் நான் ஜெயித்தவன் ஆவேன். மருத்துவர் அறையில் கடிதத்தை முழுதாகப் பிரித்து, இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். அப்படிப்பட்ட வாரங்கள் யாருக்கும் அழிந்துபோகலாம் என்றார். என்னை நாற்பது கேள்வி கேட்டார், ஏழில் தடுமாறினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை என் வீட்டில் இருக்கலாம். அதற்கு அப்பால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகனும் இரண்டையும் வாங்கிப் படித்தான். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அந்த வியாழக்கிழமை பக்கத்து வீட்டுல டிவி போட்டாங்கப்பா. கழுதை வந்ததும் நான் ஓடிப்போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டேன். அது நிக்கிறத இன்னொரு தடவ பாக்க முடியாதுன்னு. முடிஞ்சப்புறம்தான் வெளிய வந்தேன்."

யாருக்காக நீங்கள் ஒட்டினீர்களோ அவன் அதைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடமும் அவனுடைய கழுதை கரையிலேயே நின்றிருக்கிறது.

"அந்த டேப் எங்கயாவது இருக்குமா?" என்று கேட்டான். அதன்மேல் செய்தி பதிவு செய்து அழித்திருப்பார்கள் என்றேன். "அப்ப நீங்க சொல்லுங்க, எப்படிப் போச்சு?" என்றான். சொன்னேன். ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி கேட்டான். நடுவில் ஒருமுறை, "கதவு தானா திறந்துச்சா?" என்று மட்டும் கேட்டான்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியான சொல் அமையவில்லை. நான்கு தாள்களைக் கிழித்தேன். உங்கள் மேஜையைத் தாண்டிப் போனது நினைவிருக்கிறது. உங்களை ஏன் அங்கே போட்டார்கள் என்று கேட்டால் ஏதாவது பிரச்சினையில் என்னையும் இழுப்பார்களோ என்று பயந்தேன். அதற்கு நினைவாற்றலைக் குறை சொல்ல முடியாது. அன்றைய மெமோவுக்கான விளக்கத்தை, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, நிலையத்துக்கு இன்று பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிரிப்பவருக்கு ஒன்றும் புரியாது. போகட்டும். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மகன் என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறான். அந்தச் சண்டையைத் தயவுசெய்து போடுங்கள்.

கார்ட்டூன்களைப் பற்றிய என் முதல் மூன்று கருத்துகளை விட்டுத்தர மாட்டேன். நான்காவது தவறு. நாம் குழந்தைகளிடம் பொய் சொல்லியிருக்கிறோம். சொன்னவன் நான்.

அன்புடன்,
நிதானம்