அண்ணா இன்றும் உங்களைக் கேட்டார்

என் பிரியமான சுமதி அண்ணிக்கு,

இன்று காலையிலும் அண்ணா கேட்டார், "சுமதி எங்க அம்மணி?" என்று. காய்ச்சலில் நீங்கள் போய், ஆடியும் ஆவணியும் தாண்டிவிட்டன. அவருக்கு மட்டும் நீங்கள் இன்னும் கடைக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

பெருந்துறை ரோட்டில் பைக் சறுக்கி அவர் தலையில் அடிபட்ட பிறகு, அவரிடம் பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வார்த்தை வர நேரமாகும், சொன்னது மறந்துபோகும், சட்டென்று கோபம் வரும். பார்க்க வந்த சொந்தமெல்லாம் அவர் காதுபடவே, "பாவம், இனி அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனது. நீங்கள்தான் ஆர்.எஸ்.புரத்துப் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போய், அவரோடு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொண்டு வந்தீர்கள். அடிபட்டவருக்குப் பயிற்சி சரி, கூட இருப்பவருக்கு எதற்கு என்று எத்தனை பேர் கேட்டார்கள்!

இப்போது அங்கே நான் போகிறேன் அண்ணி. நானும் அண்ணாவும் பேசுவதை அங்கே பயிற்சி தரும் மேடம் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினார்.

"பாருங்க, பதில் தெரிஞ்சுக்கிட்டே கேள்வி கேக்கறீங்க. பரீட்சை வெக்காதீங்க. அவரு ஆரம்பிச்சதை நீங்க முடிக்காதீங்க, காத்திருங்க."

"அண்ணி எங்கன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

மேடம் செல்போனைக் கீழே வைத்தார். "பொய் சொல்லாதீங்க. சுருக்கமாச் சொல்லிப்போட்டு, கூடவே உக்காந்திருங்க."

சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் நீங்கள் அப்போதுதான் சாகிறீர்கள். ஒரு மனுஷனுக்கு இதை எத்தனை முறை செய்வது? நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்?

இன்று சொன்னபோது அவர் அழவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். ஏதாவது எடுத்துக்கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழவில்லை.

"நா... அன்னிக்கு... அழுதனா?"

"அழுதீங்ணா."

"நெறையவா?"

"நெறையங்ணா. யாராலயும் தேத்த முடியலைங்ணா."

தலையை ஆட்டிக்கொண்டார். அது போதும்போல இருந்தது அவருக்கு.

மத்தியானம் தட்டில் கை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "சுமதி சாப்ட்டாளா?"

இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை அண்ணி. ஆனால் ஒன்று. அவர் எத்தனை முறை கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன். அவர் அழுது முடிக்கும்வரை வேறு பேச்சு எடுக்க மாட்டேன்.

அவருக்குத் தங்கை, உங்களுக்கு நாத்தனார்,
கவிதா