கப்பலுக்கு அழைப்பு வந்த கிழமை

மே 7, செவ்வாய்

மகள் இனாயா சோறு தின்னும்போது கேட்டாள்: "வாப்பா, ஃபோன் இல்லாத காலத்துல கப்பல்காரரை எப்பிடிக் கூப்பிட்டாங்க?"

கப்பலில் வேலை செய்யும் இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நீலத் துணியின் நடுவில் வெள்ளைச் சதுரம் வைத்த கொடியைப் பாய்மரத்து உச்சியில் ஏற்றுவார்களாம். கரையில் நிற்கிறவன் பாதித் தலைமுடி வெட்டியிருந்தாலும் எழும்பி ஓட வேண்டுமாம். வராதவர்களுக்காக ஒரு பீரங்கி வெடி. அதற்கும் அசையாதவனைத் தூக்கிப்போக வள்ளத்தில் ஆள் வருமாம்.

"நம்மட ஒல்லாந்தர் கட்டின கோட்டைக்கு முன்னுக்கும் இப்பிடித்தான் வெடி போட்டாங்களா?" என்றேன்.

"நான் என்ன ஒல்லாந்தன்ட காலத்துலயா பிறந்த?"

சிரித்தோம். ஆனால் கொடி என்றால் பெண்சாதியும் பார்த்திருப்பாள், அன்றைக்கே அழுது முடித்திருப்பாள். எனக்கு அப்படியா? லீவில் வந்ததும் இவர் தன் ஃபோனை அலுமாரிக்குள் போட்டுவிடுவார். கப்பலுக்கு ஆள் எடுக்கும் கொழும்பு ஏஜன்ட் அழைப்பது என் நம்பருக்குத்தான். எந்த நேரமும் அடிக்கலாம்.

மே 8, புதன்

பக்கத்துக் கல்யாண வீட்டில் பட்டாசு. இவர் கோப்பையைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். எழும்பி, "கரண்டி விழுந்த" என்றார். கரண்டி மேசையில்தான் இருந்தது.

போன பயணத்தில், செங்கடலில், இவர்களுக்கு முன்னால் போன கப்பல் குண்டு பட்டு எரிந்தது. கேட்டால் "அதெல்லாம் சும்மா" என்பார். ஏறாவூரில் எல்லாருக்கும் இவர் கப்பல்கார நிஸ்தார். கப்பல் வேலையை விடச் சொன்னால் என்னைத் தின்றுவிடுவார்.

மே 9, வியாழன்

வந்துவிட்டது.

ஏஜன்ட்தான். "அதே கப்பல். நிஸ்தாரைத் திங்கட்கிழமை கொழும்புக்கு வரச் சொல்லுங்க. ஞாயிறு பின்னேரம் வரைக்கும் பதில் இல்லாட்டி வேற ஆளை எடுப்பம்."

"ஓம், சொல்றன்."

சொல்லவில்லை. வாவிக் கரையிலிருந்து மீனோடு வந்தவர், "ஆரு ஃபோன்ல?" என்றார். உம்மா என்றேன். பொய் எவ்வளவு லேசாக வருகிறது!

மே 10, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. ஜும்மா முடிந்து வந்தவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலையிடியாம். கறியில் உப்புக் கூடியதற்குக்கூட ஒரு சொல் இல்லை.

மே 11, சனி

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஒரு மனிசன்ட தொழிலைப் பறிக்க நான் ஆரு? தெரிந்தால் என் முகத்தில் முழிப்பாரா? சொல்லி, போய், ஒண்டு நடந்தா — யா அல்லாஹ், இனாயாவுக்கு நான் என்னத்தச் சொல்ற?

சார்ஜ் இறங்கி ஃபோன் செத்துப்போகட்டும் என்று விட்டேன். பிறகு பயந்துபோய் நானே செருகினேன்.

மே 12, ஞாயிறு

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வந்ததையும், மறைத்ததையும். அடித்தாலும் பரவாயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"தெரியும் புள்ள."

அதே கப்பலில் வேலை செய்யும் ஜிப்ரி, ஏஜன்ட் இரண்டு பேரையும் கூப்பிட்டதை வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல்லிவிட்டாராம்.

"அப்ப ஏன் மச்சான் கேட்கல்ல?"

"நீ சொல்லாம இருந்தாப் போதும் எண்டு கிடந்தன். நேரம் போனா, பெண்சாதி மறந்துட்டா எண்டு ஏஜன்ட்டுக்குச் சொல்லலாம்தானே."

எனக்கு வந்த ஆத்திரம்! நான் உள்ளுக்குள் வெந்து செத்துக்கொண்டிருக்கிறேன், இவர் என் தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதேன். கடைசியில் என் கையிலிருந்த ஃபோனை அவரே வாங்கினார்.

"நிஸ்தார் பேசுறன் சேர். நான் வரல்ல."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். பெண்சாதிக்குச் சுகமில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். இவர் என்னைப் பார்த்தார்.

"இல்ல சேர். அவ சுகமா இரிக்கா. எனக்குத்தான் பயமா இரிக்கு."

ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.